விட்டுவிட்டுப் பாடும் கார் ஸ்பீக்கர்: வடசென்னை நெய்தல் நிலத்தை முன்வைத்துப் பரபக்கமும் சுபக்கமும்

பாயிரம்

கார் ஸ்பீக்கர் ஒழுங்காகப் பாடுவது ஒரு நிலை. அறவே பாடாமல் கிடப்பது இன்னொரு நிலை. இவ்விரண்டிலும் சேராமல், பல்லவியைப் பாடிவிட்டுச் சரணத்தின் வாசலில் வாயடைத்து, எண்ணூர் விரைவுச்சாலையின் அடுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் சரணத்தின் கடைசி அடியிலிருந்து எதுவுமே நடவாததுபோல் தொடர்கின்ற மூன்றாம் நிலை ஒன்று உண்டு. அம்மூன்றாம் நிலையே இவ்வாய்வின் பொருளாகும். முதலிரண்டு நிலைகளும் ஆய்வாளனுக்கு வேலை வைப்பதில்லை, ஏனெனில் பாடுகிற ஸ்பீக்கரை எவரும் ஆராய்வதில்லை, செத்த ஸ்பீக்கரை எவரும் நம்புவதில்லை. உளது என்றால் நின்றுவிடுவதும் இலது என்றால் பாடிவிடுவதுமாகிய மூன்றாம் வகையே, வண்டிக்காரரையும் மெக்கானிக்கையும் மாறிமாறிப் பொய்யராக்கும் ஆற்றல் படைத்தது ஆகலின், அதன் இயல்பையும் காரணத்தையும் தீர்வையும் முறைப்பட வகுத்துரைப்பது இங்கு நோக்கமாகிறது.

ஆய்வின் எல்லை தெற்கே ராயபுரம் கல்மண்டபம், வடக்கே எண்ணூர் முகத்துவாரம், மேற்கே மணலி எனக் கொள்ளப்படும். கிழக்கே கடல், அது எல்லையாக மட்டும் நில்லாமல், பின்னர் வரும் இயலில் குற்றவாளிகளுள் ஒன்றாகவும் நிற்கும். இந்நான்கெல்லைக்குள் ஓடும் சொந்தக் கார்களும், கால் டாக்சிகளும், துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசையில் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் கேபின்களும் ஆய்வுக்கு உரியவை. ஷேர் ஆட்டோ விலக்கப்பட்டது. அதில் ஸ்பீக்கரோடு தகரம், கண்ணாடி, இருக்கை, பயணி ஆகிய அனைத்தும் சேர்ந்து அதிர்வதால், இவற்றுள் எது பாடுகிறது, எது நின்றது என்று பிரித்தறிவது அரிது.

இனிக் கலைச்சொற்கள். செட்டு என்பது டேஷ்போர்டின் நடுவே அமர்ந்து பாட்டை மின்னோட்டமாக்கி அனுப்பும் கருவி. ஸ்பீக்கர் என்பது அம்மின்னோட்டத்தை மறுபடி பாட்டாக்குவது. ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தமும், அதன் இடுக்கில் தொங்கும் காயில் எனப்படும் செம்புக்கம்பிச் சுருளும், சுருளோடு ஒட்டிய கோன் எனப்படும் கூம்பும் இருக்கின்றன. சுருளில் மின்னோட்டம் திசைமாறி ஓட, காந்தப்புலம் அதை முன்னும் பின்னும் தள்ள, கூம்பு அசைந்து காற்றை அசைக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகிய இருவரும் 1925இல் எழுதி வெளியிட்ட அமைப்புத்தான், பூச்சும் பெயரும் மாறி, இன்றும் காரின் கதவுக்குள் இருக்கிறது. கப்ளர் என்பது இரு வயர்களின் முனைகளைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றினுள் ஒன்றாகச் செருகி இணைப்பது. எர்த் என்பது பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு கட்டப்பட்ட வண்டியின் இரும்புடல். ஆம்ப் என்பது செட்டின் குரல் போதாது என்று கருதுவோர் இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ கூடுதலாக வைக்கும் பெருக்கி.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம் என்றும், தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் என்றும் இரண்டாகப் பகுத்தார். உயிரின் கட்டும் வீடும் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவிய அப்பகுப்பு, கதவின் கட்டும் ஸ்பீக்கரின் விடுதலையும் பற்றிய ஆராய்ச்சிக்குப் போதுமானதாக இருக்கும் எனக் கருதி, இங்கும் அதுவே பின்பற்றப்படுகிறது.

முதல் இயல்: நிலமும் பொழுதும்

பொருளிலக்கண மரபில் முதற்பொருள் எனப்படுபவை நிலமும் பொழுதும் ஆகும். ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ளது கடலும் கடல் சார்ந்த இடமும் ஆகலின் நெய்தல். கரையில் கொட்டப்பட்ட கருங்கற்களில் அலை மோதி உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள், காற்றிலேயே உலர்ந்து உப்புத் துகள்களாகிக் கரையேறுகின்றன. கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள் மிகுதியாகப் படிந்து, உள்ளே செல்லச் செல்லக் குறைகின்றன. எனவே காசிமேட்டில் இரவு தங்கும் காரும் மாதவரத்தில் இரவு தங்கும் காரும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கப்பட்டவையாயினும் ஒரே திணையைச் சேர்ந்தவை ஆகமாட்டா.

உலர்ந்த உப்பு தனியே பெரிய தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக்கொண்டு கரைசலாகிவிடுகிறது. கடலோரச் சென்னையின் இரவும் விடியலும் இவ்வளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டுபவை. ஆகவே ஒரு துளி மழை பெய்யாத மே மாதத்திலும், கதவுக்குள் இருக்கும் கப்ளர் இரவில் நனைந்து நண்பகலில் உலர்கிறது. அடுத்த இரவில் மறுபடி நனைகிறது. இவ்வாறு நாள்தோறும் நடக்கும் நீராட்டினால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை காட்டி, அது செம்போடு உடன்தோன்றியது, இடையில் வந்ததன்று என்றனர். திருவொற்றியூர்ச் சாலையில் ஓடும் காரின் களிம்போ இடையில் வந்து ஒட்டியது என்பது ஐயத்துக்கு இடமற்றது. ஆதலால் அதை நீக்கக் குருவருள் தேவைப்படுவதில்லை, ஒரு குப்பி கான்டாக்ட் கிளீனர் போதும்.

நிலத்தின் இரண்டாம் கூறு சாம்பலும் தூசியும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அதற்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்கிவருகிறது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிவந்த நிலக்கரி, ராயபுரத்து வீடுகளின் சுவர்கள் கறுத்தபின், 2011இல் உயர் நீதிமன்ற ஆணையின் பயனாக எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் மிகுதி. அவற்றோடு காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடு மணிகளும் கலந்துள்ளன. பட்டறைகளின் இரும்புத் தூளும் இவற்றோடு சேர்ந்துகொள்ள, ஸ்பீக்கரின் காந்தம் இரண்டையும் வேறுபாடின்றி வரவேற்கிறது. ஆயினும் இவை காயிலின் இடுக்கில் புகுந்தால் விளைவது கரகரப்பே. கரகரப்பு வேறு, விட்டுவிட்டுப் பாடுதல் வேறு. முன்னது சாம்பலின் நோய், பின்னது பெரும்பாலும் உப்பின் நோய். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மருந்து கொடுப்போர் பலர் ஆகலின் இவ்வேறுபாடு இங்கேயே நிறுத்தப்படுகிறது.

மூன்றாம் கூறு சாலை. ட்ரெய்லர்கள் உழுத சாலையில் ஓடும் காருக்கு ஓயாத அதிர்வு உண்டு. அவ்வதிர்வில் கப்ளருக்குள் இருக்கும் ஊசியும் அதன் கூடும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொள்கின்றன. இரண்டு உலோகப் பரப்புகள் முழுதும் தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், உண்மையில் தொடுபவை அங்கொன்றும் இங்கொன்றுமான நுண்புள்ளிகளே என்பதை, மின்தொடுகை குறித்து 1946இல் பெருநூல் எழுதிய ராக்னர் ஹோம் விளக்கினார். அந்தப் புள்ளிகளில் வெள்ளீயப் பூச்சு உரசித் தேய, தேய்ந்த இடத்தில் காற்றுப் பட்டு ஆக்சைடு படிய, படிந்த தூள் அவ்விடத்திலேயே சேர்ந்து மின்னோட்டத்தை மறிக்கிறது. அடுத்த பள்ளத்தில் ஊசி சற்றே நகர்ந்து புதிய புள்ளியைத் தொட, பாட்டு மீள்கிறது. சரணத்தின் நடுவில் நிகழும் அற்புதம் அனைத்தும் இதில் அடங்கும்.

பொழுதைப் பொறுத்தவரை, நெய்தலுக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது எற்பாடு, அதாவது பிற்பகல். ஸ்பீக்கரின் நெய்தலுக்கு இரண்டு சிறுபொழுதுகள் வேண்டியுள்ளன: ஈரத்தால் வரும் கோளாறுக்கு விடியல், வெக்கையால் வரும் கோளாறுக்கு எற்பாடு. பகலெல்லாம் வெயிலில் மூடிக்கிடந்த காரின் இருக்கைக்கு அடியில் ஆம்ப் வெந்துகொண்டிருக்க, பிற்பகலில் பாட்டைப் போட்டதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்து, ஆறியபின் தானே எழும்; இது பழுதன்று, தற்காப்பு. உரிப்பொருள் இரங்கல் என்பதில் மட்டும் இலக்கணம் சிறிதும் திருத்தப்பட வேண்டியதில்லை. காமராசர் துறைமுகம் எனப் பெயர்மாறிய எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் புதுக் கார்களுக்கு இவ்விரங்கல் இல்லை. நெய்தலை நன்கு அறிவதற்குள் அவை அயல்நாடு போய்விடுவதால், இவ்வாய்வில் இடம்பெறும் தகுதியையும் இழக்கின்றன.

இரண்டாம் இயல்: பரபக்கம்

இப்பகுதியில் வழங்கும் கொள்கைகளுள் முதன்மையானவை நான்கு. அவற்றை உடையோர் முறையே தட்டுநெறியார், சத்தநெறியார், மாற்றுநெறியார், எர்த்நெறியார் எனக் குறிக்கப்படுவர்.

தட்டுநெறியார் தொன்மையானவர், எண்ணிக்கையிலும் மிக்கவர். ஸ்பீக்கர் நின்றதும் கதவின் உட்பலகையை உள்ளங்கையால் ஓங்கி அறைவது இவர்தம் வழிபாடு. வலக்கை ஸ்டியரிங்கில் இருக்க இடக்கையால் டேஷ்போர்டை அறைவோர், முழங்கையால் இடிப்போர், இறங்கிச் சென்று கதவைத் திறந்து படார் எனச் சாத்துவோர் என உட்பிரிவுகள் பல. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்னும் பழமொழி இவர்க்குப் பிரமாண நூல். இவர்தம் வாதம், அறைந்தால் பாடுகிறது, ஆகவே அறைதலே மருந்து என்பது. அறைந்தபின் பாடுவது உண்மையே. ஊசி புதிய புள்ளிக்கு நகர்ந்ததே அதன் காரணம். ஆனால் அதே அறை ஊசியை மேலும் தேய்ப்பதால், இன்று ஒரு அறைக்குப் பாடியது சில மாதங்களில் மூன்று அறை கேட்கும். பிறகு கதவின் கிளிப்புகள் உடைந்து, உட்பலகையும் பாட்டுக்குத் தாளம் போடத் தொடங்கும். ஆதலால் இக்கொள்கை மருந்தென்ற அளவில் மறுக்கப்பட்டது. அதனுள் புதைந்துள்ள உண்மை சுபக்கத்தில் மீட்கப்படும்.

சத்தநெறியார் அமைதி விரும்பிகள். அவர்கள் எதையும் அடிப்பதில்லை, சத்தத்தைக் கூட்டுவர். குறைந்த சத்தத்தில் ஊமையாக இருந்த ஸ்பீக்கர் கூட்டியதும் உயிர்பெறுவதைக் கண்டு, அதற்குக் காது மந்தம் என்று முடிவுகட்டினர். இதற்கும் ஒரு காரணம் உண்டு. தொடுபுள்ளியில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலத்தைச் சிறு மின்னழுத்தம் துளைக்காது. சத்தம் கூட மின்னழுத்தமும் கூட, ஒரு கட்டத்தில் படலம் உடைந்து வழி திறக்கிறது. சத்தத்தைக் குறைத்ததும் வழி மறுபடி அடைபடலாம். இக்கொள்கையின் குறை தர்க்கத்தில் இல்லை. தேரடி சிக்னலில் நிற்கும்போது அடைபட்ட ஸ்பீக்கர் திடீரெனத் திறந்துகொள்ள, முழுச் சத்தத்தில் வெளிப்படும் கானாப் பாட்டு பக்கத்து வண்டிக்காரரோடு உண்டாக்கும் உறவில் இருக்கிறது.

மாற்றுநெறியார் பெரும்பாலும் சீட் கவரும் ஹாரனும் விற்கும் அக்சசரீஸ் கடைகளில் வீற்றிருப்பர். "ஸ்பீக்கர் போயிடுச்சுண்ணா, ஜோடியா மாத்திடுங்க, அப்பத்தான் ரெண்டு பக்கமும் சவுண்டு ஒண்ணா வரும்" என்பது இவர்தம் மகாவாக்கியம். இக்கொள்கையின் வலிமை யாதெனில், மாற்றியபின் பாட்டு உண்மையாகவே நிற்காமல் ஓடுகிறது என்பதே. ஆராயுமிடத்து, புது ஸ்பீக்கரைப் பொருத்துவதற்காகப் பழைய கப்ளர் பிடுங்கப்பட்டு மறுபடி செருகப்படுகிறது. அச்செருகலில் ஊசிமேல் இருந்த படலம் சுரண்டப்பட்டு உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. வாடிக்கையாளர் கொடுத்தது ஸ்பீக்கரின் விலை. நோய் தீர்ந்தது செருகலால். உப்பும் அதிர்வும் தம் கடமையை மறவாதவை ஆகலின், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் புது ஸ்பீக்கரும் பழைய ஸ்பீக்கரின் வழக்கத்தை மேற்கொள்கிறது. அப்போது கடைக்காரர் செட்டையும் மாற்றச் சொல்கிறார். இக்கொள்கை நிலைபெற்றதற்குப் பொருளியல் காரணமும் உண்டு: ஸ்பீக்கருக்கு அட்டைப்பெட்டி உண்டு, அதன்மேல் வாட் கணக்கு உண்டு, விலைச்சீட்டு உண்டு, இரண்டு வயர்கள் தொடும் இடத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பெட்டியில் அடைக்க முடியாத பொருளைக் கடையில் விற்க முடியாது.

எர்த்நெறியார் அனுபவமிக்க ஆட்டோ எலக்ட்ரீசியன்கள். மற்ற மூவரினும் கல்வி கூடியவர். வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் எர்த் சரியில்லை என்பது இவர்தம் கொள்கை, பாதி வேளைகளில் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. செட்டின் எர்த் துருப்பிடித்தால் செட்டே அணைந்து அணைந்து எரியும், ஆம்பின் எர்த் தளர்ந்தால் ஆம்போடு இணைந்த எல்லா ஸ்பீக்கர்களும் ஒருசேர நிற்கும். அவ்விடங்களில் இவர் வாக்கு பொய்ப்பதில்லை. தவறு நேர்வது, ஒரே ஒரு ஸ்பீக்கர் நிற்கும்போதும் அதன் நெகட்டிவ் வயரைக் கொண்டுபோய் வண்டியின் உடலில் முறுக்குவதில்தான். இக்காலச் செட்டுகளில் ஸ்பீக்கருக்குச் செல்லும் இரண்டு வயர்களிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது 6 வோல்ட்டுக்கு மேல், எப்போதும் நிற்கிறது. இரண்டில் எதுவும் எர்த் அன்று. அதை உடலில் தொடவிட்டால் செட்டு தற்காப்பில் அணையும், அல்லது நிரந்தரமாக அணையும். அவ்வாறு அணைந்த செட்டைக் கண்டு மாற்றுநெறியார் மகிழ்வர்.

மூன்றாம் இயல்: சுபக்கம்

பிறர் கொள்கைகள் இவ்வாறு நீங்கவே, எஞ்சி நிற்கும் சித்தாந்தம் பின்வருமாறு: விட்டுவிட்டுப் பாடும் ஸ்பீக்கரின் குற்றம் பெரும்பாலும் ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொடும் இடத்தில் இருக்கும்; அக்குற்றத்தை விரும்பியபோது வரவழைக்க வல்லவனே அதைத் தீர்க்க வல்லவன்.

செட்டிலிருந்து கோன் வரை தொடும் இடங்கள் ஆறு. செட்டின் பின்னுள்ள கப்ளர் முதலாவது. உடலிலிருந்து கதவுக்குச் செல்லும் ரப்பர்க் குழலுக்குள் வயர் மடங்கும் இடம் இரண்டாவது. கதவுக்குள் இருக்கும் கப்ளர் மூன்றாவது. ஸ்பீக்கரின் முனைகள் நான்காவது. அம்முனைகளிலிருந்து கோனுக்குத் தாவிச் செல்லும் மெல்லிய பின்னல் கம்பி ஐந்தாவது. காயிலின் சுருள் ஆறாவது. ஆம்ப் வைத்தவர்க்கு இவற்றோடு செட்டையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. வயரின் முனைகளும் ஆம்பின் திருகுகளும் சேரும். ஆடம்பரம் மிகுந்தோர்க்குத் தொடுமிடமும் மிகும் என்பது இதனால் பெறப்படும்.

இவ்விடங்களுள் ஒன்று கெட்டுக்கொண்டே வருவதை உரிமையாளர் முன்கூட்டி உணராததற்குக் கணக்கு உண்டு. கார் ஸ்பீக்கரின் தடை பொதுவாக 4 ஓம். கெட்ட இணைப்பு 1 ஓம் தடையைக் கூட்டினால், ஸ்பீக்கருக்குச் சேரும் திறன் 64 விழுக்காடாகக் குறைகிறது. மூன்றிலொரு பங்குக்கு மேல் திருடுபோயும், அது காதுக்கு அரிதாகவே புலப்படும், ஏனெனில் ஒலியின் ஏற்றத்தாழ்வைக் காது விகிதத்தில் மிகச் சுருக்கியே உணர்கிறது. இணைப்பின் தடை 4 ஓம் ஆகும்போது திறன் கால்பங்காகிறது. அப்போதுதான் ஏதோ குறைகிறதே என்ற எண்ணம் எழுகிறது. ஆகவே, நேற்றுவரை நன்றாகப் பாடியது இன்று திடீரென நின்றது என்னும் வாக்குமூலத்தில், திடீரென என்ற சொல் மட்டும் ஏற்கத்தக்கதன்று.

அளவை என்பது உண்மையை அறியும் வாயில். சிவஞான சித்தியார் பலவகை அளவைகளைச் சொல்லி, அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடிக்கிறது. ஸ்பீக்கரை அறியவும் இம்மூன்றே வேண்டும்.

காண்டல் அளவையாவது, நின்றது எது என்பதை அதன் நிற்கும் வகையால் காணுதல். செட்டின் விளக்கும் சேர்ந்து அணைந்தால் குற்றம் மின்வரவிலோ எர்த்திலோ இருக்கும். விளக்கு எரிய எல்லா ஸ்பீக்கர்களும் ஒருங்கே நின்றால் குற்றம் ஆம்பின் தற்காப்பில் இருக்கும், அல்லது நான்கு ஸ்பீக்கர் போதாதென்று ஒரே வாயிலில் இரண்டு இரண்டாகக் கட்டி 4 ஓமை 2 ஓமாக்கிய ஆர்வத்தில் இருக்கும். ஒன்று மட்டும் நின்றால் மேற்சொன்ன ஆறு இடங்களுள் ஒன்றில் இருக்கும். நின்றது ஸ்பீக்கர்தானா, பாட்டேதானா என்பதும் காணத்தக்கது: போனிலிருந்து புளூடூத் வழியே வரும் பாட்டு, அழைப்பு வந்தாலும் இணைப்பு அறுந்தாலும் நிற்கும் ஆகலின், சோதிக்கும்போது பென் டிரைவிலிருந்து பாடவிடுக. பண்பலை வானொலியை நம்புவோர் எர்ணாவூர் மேம்பாலத்துக்கு அடியில் சோதிக்காதிருப்பது நன்று.

கருதல் அளவையாவது, காணாததைக் கண்டதிலிருந்து துணிதல். செட்டின் பின்னால் இடது ஸ்பீக்கரின் வயர் ஜோடியையும் வலது ஸ்பீக்கரின் வயர் ஜோடியையும் இடம் மாற்றிவிட்டு ஓட்டுக. கோளாறு இடதிலிருந்து வலதுக்குத் தாவினால் குற்றம் செட்டில். தாவாமல் இடத்திலேயே நின்றால் செட்டு நிரபராதி, குற்றம் அதற்கப்பால். அடுத்து ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால், நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைக் காட்டி அசையாமல் நிற்கும். கோனை விரல்நுனியால் மெல்ல அழுத்தும்போது எண் தாவினால் பின்னல் கம்பி அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லாதார், சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுக்கலாம். டப் என்று ஒலித்துக் கோன் அசைந்தால் காயில் உயிரோடிருக்கிறது. குளிர்ந்தபோது பாடி, சூடேறியபின் நின்று, ஆறியபின் மறுபடி பாடும் ஸ்பீக்கரில் மட்டும் காயிலை ஐயுறுக.

கருதலால் இன்னொன்றும் துணியப்படும். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர்க் குழலுக்குள் வயர் மடங்கி நிமிர்கிறது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. அறுந்த நுனிகள் கதவு சாத்தியபோது தொட்டும் திறந்தபோது விட்டும் நிற்கின்றன. சாலையின் இடப்புறம் வண்டி ஓடும் இந்நாட்டில் கால் டாக்சிப் பயணி நடைபாதைப் பக்கம் ஏறி இறங்குபவர் ஆகலின், மிகுதியாகத் திறந்து சாத்தப்படுவது இடது பின்கதவு. ஆகவே டாக்சியில் பின்கதவு ஸ்பீக்கர் நின்றால் முதலில் இடது குழலையும், சொந்தக் காரில் நின்றால் முதலில் ஓட்டுநர் கதவின் குழலையும் பிசைந்து பார்க்க. பாட்டு ஓடும்போதே கதவை அங்குலம் அங்குலமாகத் திறந்து, எந்தக் கோணத்தில் குரல் அறுகிறது எனக் குறித்துக்கொள்வதும் இதன்பாற்படும்.

உரை அளவையாவது நம்பத்தக்கோர் வாக்கு. வண்டிக்காரர் வாக்கில், ஸ்பீக்கர் போயிடுச்சு என்பது தீர்ப்பு, அதைத் தள்ளுக; மழை பெய்த மறுநாள் காலை, பள்ளத்தில் இறங்கினால், ஏசி போட்டு அரைமணி கழித்து, மாமியார் கதவைச் சாத்தியபின் என்பவை சாட்சி, அவற்றைக் கொள்ளுக.

நான்காம் இயல்: கடைக்கு வந்ததும் தீரும் கோளாறு

இம்மூன்று அளவைகளையும் எதிர்த்து நிற்கும் ஒரு நிகழ்வு உண்டு. கத்திவாக்கத்தில் நின்ற ஸ்பீக்கர், டோல்கேட் பக்கத்துக் கடைவாசலில் வண்டி நின்றதும் கணீரென்று பாடும். "இன்னாண்ணே, நல்லாத்தானே பாடுது" என்று மெக்கானிக் சொல்ல, "இல்லப்பா, இப்பதான் நின்னுச்சு, சத்தியமா" என்று வண்டிக்காரர் சொல்ல, இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். இடைப்பட்ட சாலை முழுதும் தட்டுநெறியாரின் தொழிலைத் தானே செய்திருக்கிறது. வெயில் ஏறி ஈரமும் உலர்ந்திருக்கிறது. கடைவாசலில் இறங்கிய வண்டிக்காரர் கோபத்தில் சாத்திய கதவு கடைசிச் சீர்திருத்தத்தை முடித்துவைத்திருக்கிறது.

இந்நிலையில் எதையும் கழற்றக் கூடாது என்பது இவ்வாய்வின் தலையாய விதி. பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றினால் குற்றத்தின் இடம் அழிந்து, செருகலால் தற்காலிக நலம் உண்டாகி, வழக்கு சாட்சியின்றி முடிகிறது. மாறாக, பாட்டைச் சிறு சத்தத்தில் ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் செட்டின் பின்புறம், கால்பக்கப் பலகை, கதவின் குழல், கதவுக் கப்ளர், ஸ்பீக்கர் விளிம்பு என்ற வரிசையில் மெல்லத் தட்டியும், வயரை இரண்டு விரலால் பற்றி அசைத்தும் வருக. சிறு சத்தம் ஏன் எனில், சத்தநெறியார் கண்டதுபோல் பெருஞ்சத்தம் படலத்தை உடைத்துக் குற்றத்தை மறைத்துவிடும். குரல் எங்கே நடுங்குகிறதோ அங்கே குற்றம். தட்டுநெறியார்க்குச் சேரவேண்டிய பெருமை இவ்விடத்தில் சேர்க்கப்படுகிறது: தட்டுதல் ஒரு சோதனை, அதிலும் மிகச் சிறந்த சோதனை, அதை மருந்தாக உட்கொண்டதே அவர் பிழை. தலைமுறை தலைமுறையாக அவர் கதவை அறைந்து நோயை அறிந்தும், அறைந்த இடத்தைக் குறித்துவைக்காமல் வண்டியை எடுத்துச் சென்றுவிட்டனர்.

இடம் அறிந்தபின் மருந்து எளிது. களிம்பேறிய கப்ளரில் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, சிலமுறை கழற்றிச் செருகி, உலர்ந்தபின் முனைகளில் சிறிது வாசலின் தடவினால் உப்புநீர் அணுகாது. தளர்ந்த பெண்முனையை நுண்குறடால் ஒரு மயிரிழை நெருக்குக. குழலுக்குள் அறுந்த வயருக்கு, பல இழை கொண்ட மெல்லிய வயர்த் துண்டு ஒன்றைச் சேர்த்து, சால்டரிங் செய்யும் இடம் மடங்கும் பகுதிக்கு வெளியே அமையுமாறு பார்த்துக்கொள்க. ஈயம் ஊறிய இழை விறைத்துவிடுவதால், மடங்கும் இடத்தில் வைத்த பற்று அதற்கு அடுத்த அங்குலத்தில் மறுபடி அறும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது சென்னை வெயிலுக்கு ஆகாது. பசை உருகி வழிய, டேப் தானே அவிழ்ந்து வயரை அதன் விதிக்கு விட்டுவிடும், ஆதலால் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் இடுக. மழைநீர் கண்ணாடியின் வழியே கதவுக்குள் இறங்குவது எல்லாக் கார்களுக்கும் இயற்கை. வயரைக் கப்ளருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் துளிகள் அவ்வளைவின் அடியில் சொட்டிப்போகும், கப்ளருக்குள் ஏறா.

புறனடை

புறனடை என்பது நூலின் விதிகளுக்குள் அடங்காதவற்றை இறுதியில் சொல்லி அமைக்கும் நூற்பா. செட்டின் உள்ளே சால்டரிங் விட்டவை, காயில் கருகியவை, வெள்ளத்தில் மூழ்கி எழுந்தவை ஆகியன மேற்சொன்ன விதிகளுக்கு அடங்கா. அவற்றில் மாற்றுநெறியார் சொல்லே சொல்லாகும். ஆயினும் அவர் சொல்லைக் கேட்டு மாற்ற நேர்ந்தவர், கழற்றிய பழைய ஸ்பீக்கரைக் கடையிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, கடிகாரப் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கக் கடவர். மௌனமாக இருந்தால் கொடுத்த பணம் செல்லும். டப் என்று ஒலித்தால், நல்ல ஸ்பீக்கர் கையிலும் கெட்ட கப்ளர் கதவிலும் இருப்பதாகக் கொண்டு, அடுத்த மழைக்கு முன் இக்கட்டுரையின் மூன்றாம் இயலிலிருந்து மறுபடி தொடங்குக.